திரும்பி வருபவரை நம்பும் குழந்தை: பாதுகாப்பான பிணைப்பு குறித்து ஓர் எளிய விளக்கம்

குழந்தைகளைப் பற்றித் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டு பாராட்டுகளை அடிக்கடி கேட்கலாம். "அம்மாவை விட்டு ஒரு நிமிஷம் நகராது, அவ்வளவு பாசம்" என்பது ஒன்று. "யாருகிட்ட விட்டாலும் அழாது, தங்கமான புள்ள" என்பது மற்றொன்று. முதல் குழந்தைக்குத் தாயின்மேல் பிணைப்பு மிகுதி என்றும், இரண்டாவது குழந்தைக்குத் துணிவு மிகுதி என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். குழந்தை உளவியல் இந்த இரண்டு முடிவுகளையும் சற்று நிறுத்திவைக்கச் சொல்கிறது. நகராத குழந்தை, அம்மா எப்போது காணாமல் போவாள் என்று தெரியாத ஐயத்தால் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அழாத குழந்தை, அழுதாலும் யாரும் வருவதில்லை என்று பழகிப்போயிருக்கலாம். இயல்பிலேயே ஒட்டுகிற குழந்தையும் இயல்பிலேயே அமைதியான குழந்தையும் உண்டு என்பதால், இவற்றை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கவும் முடியாது. பிரிந்து போனவர் திரும்பி வரும்போது அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அச்சம், வலி, களைப்பு, நோய் ஆகியவை நேரும்போது தனக்கு நன்கு பழகிய ஒருவரை நாடிச் சென்று ஆறுதல் தேடும் இயல்பு மனிதக் குழந்தைக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அழுவது, சிரிப்பது, கைநீட்டுவது, தவழ்ந்து பின்தொடர்வது எல்லாம் அந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதற்கான வழிகளே. இந்த உறவைப் பிணைப்பு என்று ஒரு கோட்பாடாக வகுத்தவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் மனநலத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. பிணைப்பைப் பற்றிய அவருடைய மூன்று பெரும் நூல்களில் முதலாவது 1969இல் வந்தது.

அக்காலத்தில், பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டுகிறது என்ற எண்ணம் அறிஞர்களிடையே வலுவாக இருந்தது. நம்மிலும் பலர் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாயையும், மெத்தென்ற துணி போர்த்திய இன்னொரு பொம்மைத் தாயையும் வைத்துப் பார்த்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்து முடித்தவுடன் துணித் தாயிடம் திரும்பி, பெரும்பாலான நேரத்தை அதைக் கட்டிக்கொண்டே கழித்தன. 1958இல் வெளியான இந்த முடிவு, பசி தீர்ப்பது வேறு, ஆறுதல் தருவது வேறு என்பதைத் தெளிவாக்கியது. அந்தக் குட்டிகளுக்கு நேர்ந்த கொடுமையை நினைத்தால் இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு எளிதில் ஒப்புதல் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உகாண்டாவில் தொடங்கிய கவனிப்பு

பௌல்பியிடம் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த் இந்தக் கோட்பாட்டை வீடுகளுக்குள் கொண்டுசென்றவர். 1954ஆம் ஆண்டு கணவரின் வேலை காரணமாக உகாண்டாவுக்குச் சென்ற அவர், கம்பாலா நகரைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் 26 குடும்பங்களுக்குத் தொடர்ந்து போய்க் குழந்தைகளைக் கவனித்தார். பால் மறக்கடிக்கும் பருவத்தில் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் அங்கே இருந்தது என்று கேள்விப்பட்டு, அந்தப் பிரிவு குழந்தையை என்ன செய்கிறது என்று பார்க்கவே அவர் முதலில் விரும்பினார். ஆனால் அதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தன. மார்பில் வேப்பெண்ணெய் தடவியும் பலிக்காமல், "நாலு நாள் அம்மாச்சி வீட்டுல கெடக்கட்டும், மறந்துடும்" என்று பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

அந்த ஊர்களில் அவர் கண்ட ஒன்று இன்றும் பயனுள்ளது. எந்தத் தாய்மார்கள் தங்கள் குழந்தையைப் பற்றிச் சின்னச் சின்ன விவரங்களையும் தாமாகவே விரிவாகச் சொன்னார்களோ, அவர்களுடைய குழந்தைகளிடமே பிணைப்பு உறுதியாக இருந்தது. எந்த அழுகை தூக்கத்துக்கு, எந்த அழுகை வயிற்றுவலிக்கு, எந்தச் சத்தத்துக்குப் பயம், யார் தூக்கினால் பிடிக்கும் என்பவையெல்லாம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் தெரிவதில்லை, கவனிப்பதால் தெரிகின்றன.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர் இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து, ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடியும் ஒரு சோதனையை வகுத்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தையும் தாயும் பொம்மைகள் உள்ள ஓர் அறைக்குள் வருகிறார்கள்; முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளே வருகிறார்; தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்பி வருகிறார்; பின்னர் இன்னொரு முறை போய் வருகிறார். தாய் வெளியேறும்போது குழந்தை எவ்வளவு உரக்க அழுதது என்பதைவிட, அவர் திரும்பி வந்த கணத்தில் அது என்ன செய்தது என்பதற்கே ஆய்வாளர்கள் கூடுதல் கவனம் கொடுத்தார்கள்.

பெரும்பாலான குழந்தைகள் தாயை நோக்கி வந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டி, தோளில் சாய்ந்து சற்று நேரத்தில் அமைதியாகி, மறுபடியும் பொம்மைகளிடம் திரும்பின. இவைதான் பாதுகாப்பான பிணைப்பு உடையவை. சில குழந்தைகள் தாய் வந்ததைக் கண்டும் காணாததுபோல் விளையாட்டிலேயே மும்முரமாக இருந்தன. வேறு சில, தூக்கு என்று அழுதுவிட்டுத் தூக்கியவுடன் திமிறிக் காலால் உதைத்தன; இறக்கிவிட்டால் மீண்டும் அழுதன; அவற்றை ஆற்றவே முடியவில்லை. நாடி வரத் தொடங்கிப் பாதியில் உறைந்து நிற்பதும், அருகே வந்துகொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாகக் குழம்பிய குழந்தைகளை மேரி மெயின் என்பவரும் ஜூடித் சாலமன் என்பவரும் 1980களில் நான்காவது வகையாகப் பிரித்துக் காட்டினர். எவரிடம் ஆறுதல் தேட வேண்டுமோ அவரே அச்சத்துக்கும் காரணமாக இருக்கும் வீடுகளில் இந்த நான்காவது வகை கூடுதலாகக் காணப்படுகிறது.

இவற்றில் கண்டும் காணாதது போலிருக்கும் குழந்தையைப் பற்றித்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். வெளியே அது அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் அதன் இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர்கள், அழுகிற குழந்தைக்கு உள்ளது போலவே அதற்கும் உடல் பதற்றம் இருப்பதைக் கண்டார்கள். அது தன் தேவையை மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது, தேவை அற்றுப்போகவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை முறைத் தண்ணீரை வைத்து விளக்கிவிடலாம். வாய்க்காலில் முறை தவறாமல் தண்ணீர் வரும் ஊரில் விவசாயி தன் நாள் வரும்வரை வேறு வேலையைப் பார்க்கிறார். வருமா வராதா என்று தெரியாத கடைமடையிலோ, இரவெல்லாம் டார்ச் விளக்கோடு மதகடியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வந்த பிறகும் அவரால் வீட்டுக்குப் போய்த் தூங்க முடிவதில்லை. வாய்க்காலை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தவர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு, தண்ணீர் திறந்த செய்தியைக் கேட்டாலும் தலையை நிமிர்த்துவதில்லை. மூவருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அவரவர் நடந்துகொள்ளும் விதம் இதுவரை கண்ட அனுபவத்திலிருந்து வந்தது.

வரப்பில் கட்டிய தூளி

சோதனை அறையை விட்டு நம் ஊர் நடவு வயலுக்கு வருவோம். சம்பா நடவு நடக்கும் ஒரு முற்பகல். வரப்போரத்துப் பூவரச மரத்தில் பழைய நூல் சேலையைத் தூளியாகக் கட்டி, பத்து மாதப் பெண் குழந்தையைப் படுக்கப் போட்டுவிட்டுத் தாய் நடவு வரிசையில் நிற்கிறாள். ஏழெட்டு வயது அக்காள் தூளியை ஆட்டுகிறாள். குழந்தை விழித்து அழத் தொடங்கியதும் தாய் நிமிர்ந்து பார்த்து, "இந்தா வந்துட்டேன்டி தங்கம்" என்று குரல் கொடுக்கிறாள். முழங்கைவரை சேறு. உடனே தூக்க முடியாது. ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்த கணத்திலேயே அழுகையின் சுருதி இறங்குகிறது. குழந்தை தலையைத் திருப்பிச் சத்தம் வந்த திசையைத் தேடுகிறது. தாய் கையிலிருந்த நாற்று முடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வந்து தூக்குகிறாள். குழந்தை கழுத்தோரம் முகத்தைப் புதைத்து, தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு விம்மு விம்முகிறது. சற்று நேரம் கழித்து அதே கை கயிற்றை விட்டுவிட்டு வரப்பிலிருக்கும் கோரைப்புல்லை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது.

பாதுகாப்பான பிணைப்பின் செயல்பாடு முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. தாய் அருகில் இல்லை, வேலையிலும் இருக்கிறாள், உடனே வரவும் முடியவில்லை. ஆயினும் குழந்தை கொடுத்த குறிப்பை அவள் கவனித்தாள், அது என்னவென்று சரியாகப் புரிந்துகொண்டாள், தன்னால் இயன்ற முதல் பதிலைக் குரலால் தந்தாள், பிறகு சொன்னபடி வந்தாள். எய்ன்ஸ்வர்த் வகுத்த தாய்மைக் கூருணர்வு என்பதன் உட்கூறுகள் இவைதான். குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால், அது ஆறியதற்கு எவ்வளவு மதிப்போ, ஆறியபின் புல்லைத் தேடியதற்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. ஆறுதலுக்கு ஓர் இடம் இருப்பதால்தான் உலகத்தைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வருகிறது.

அழுதவுடன் தூக்கினால் கைச்சூட்டுக்குப் பழகிக் கெட்டுப்போகும் என்ற அச்சம் இங்கே எல்லாத் தலைமுறையிலும் உண்டு. முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து பதில் பெற்ற குழந்தைகள் முதல் ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுதன என்று எய்ன்ஸ்வர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் எழுதினார்கள். பின்னர் வந்த சிலர் அந்த முடிவின் அளவைப் பற்றி வாதிட்டார்கள் என்றாலும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஆற்றித் தூக்குவதால் அது கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்ட பொம்மையையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும், அழும் குழந்தையை ஆற்றுவதும் வெவ்வேறு செயல்கள். இரண்டுக்கும் செல்லம் என்று ஒரே பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லா அழைப்புக்கும் சரியாகப் பதில் சொல்லும் பெற்றோர் எந்த ஊரிலும் இல்லை. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், சில மாதக் குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாயைத் திடீரெனச் சில நிமிடங்கள் முகத்தில் எவ்வித அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துக் காட்டியது, சத்தமிட்டது, கையை நீட்டியது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துபோனது. தாய் மீண்டும் பேசத் தொடங்கியதும் உறவு மெல்ல மீண்டது. சாதாரண வீடுகளிலும் தாயும் சேயும் ஒத்திசைவது இடையிடையேதான். தவறிப்போன தருணத்தைச் சரிசெய்துகொள்வது மீண்டும் மீண்டும் நடக்கிறது, பிணைப்பை வளர்ப்பதும் அந்தச் சரிசெய்தல்தான் என்று அவருடைய தொடர் ஆய்வுகள் காட்டின. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கைபேசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அந்தச் சோதனைத் தாயின் முகத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்காகக் கைபேசியைத் தொட்டாலே குழந்தை பாழாகும் என்று பதற வேண்டாம். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தால் குழந்தையும் திரும்பி வந்துவிடும்.

பல கைகளில் வளரும் பிள்ளை

பிணைப்பு தாய் ஒருத்தியிடம் மட்டுமே ஏற்படும் என்ற எண்ணம் பௌல்பியின் தொடக்கக் கால எழுத்துகளில் மேலோங்கி இருந்தது. அதை வைத்து வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றஞ்சாட்டியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்ததைக் காட்டியது. யார் அதிக நேரம் உடனிருந்தார், யார் சோறூட்டினார் என்பதைவிட, யார் குழந்தையின் குறிப்புகளுக்கு விரைந்து பதில் தந்தார் என்பதே அதைத் தீர்மானித்தது. தாய், அப்பாயி, அம்மாச்சி, சித்தி, அக்காள், தாத்தா என்று பல கைகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் பல கைகள் என்பதாலேயே எல்லாம் நன்றாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் விதத்தில்தான் டெல்டா வீடுகளில் பெரும்பாலான தடுமாற்றங்கள் நேர்கின்றன. பழகிய முகங்களைப் பிரித்தறிந்து ஒருவரை விடாமல் நாடும் தெளிவான பிணைப்பு ஆறிலிருந்து எட்டு மாதங்களுக்குள் தொடங்குகிறது. புதுமுகம் கண்டு அஞ்சுவதும் அதே பருவத்தில்தான். 2017ஆம் ஆண்டிலிருந்து அமைப்புசார் நிறுவனங்களில் பேறுகால விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். பிரிவு மிகவும் உறைக்கத் தொடங்கும் பருவத்தில் விடுப்பு முடிந்துவிடுகிறது. நடவுக்கும் களை பறிக்கவும் போகும் பெண்களுக்கு அந்த 26 வாரமும் இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால், கையில் மூன்று மாதக் குழந்தை இருந்தாலும் ஆள் தேடி வருவார்கள். அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குச் சேர்க்க இரண்டு வயதாக வேண்டும். இடைப்பட்ட காலத்துக்கு இருப்பது அப்பாயியின் கண்ணும் அக்காளின் இடுப்பும்தான்.

ஆகவே கை மாற்றுவதைச் சற்று முறையாகச் செய்ய வேண்டும். வேலைக்குப் போகத் தொடங்குவதற்கு இரண்டொரு வாரம் முன்பிருந்தே, தாயும் அருகில் இருக்கும்போது பாட்டி ஊட்டவும் குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் தொடங்கினால், குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டியின் கைக்குப் பழகுகிறது. ஒரே நாளில் தாய் மறைந்து பாட்டி தோன்றினால், குழந்தைக்குப் பாட்டியே பிரிவின் அடையாளமாகிவிடக்கூடும். தாய் உடுத்திய சேலையைத் தூளியாகக் கட்டும் நம் பழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது; தாயின் வாசனையைப் பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

விடைபெறாமல் நழுவுவது இங்கே ஏறக்குறைய ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. "அந்தா காக்கா பாரு" என்று ஒருவர் குழந்தையைக் கொல்லைப்பக்கம் தூக்கிப்போக, தாய் வாசல் வழியே காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்துக் கும்பகோணத்து ஜவுளிக்கடைக்குப் போய்விடுகிறாள். அன்றைய அழுகையை இது தவிர்க்கிறது என்பது உண்மை. ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா எந்த நேரமும் காணாமல் போகக்கூடும் என்ற பாடத்தையும் குழந்தை கற்கிறது. மறுநாள் அது கழிவறை வாசல்வரை பின்தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "அம்மா வேலைக்குப் போறேன், அம்மாச்சிகூட இரு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடுவேன்" என்று ஒரே மாதிரியாக, சுருக்கமாக, கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. குழந்தை அழும், அழட்டும். அதன் அழுகையை ஏற்றுக்கொண்டு மடியில் வைத்து ஆற்ற ஒருவர் இருந்தால் அந்த அழுகை தீங்கு செய்யாது. சொன்ன நேரத்துக்கு அம்மா வருவது சில வாரங்கள் தொடர்ந்தால், காலை அழுகையும் தானாகவே குறையும்.

கேலிகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். "உன்ன தவிட்டுக்கு வாங்குனோம்", "ரைஸ்மில் வாசல்ல கெடந்தே, எடுத்துட்டு வந்தோம்" என்று சொல்லாத வீடு நெல் விளையும் ஊரில் குறைவு. ஏழெட்டு வயதுப் பிள்ளை அதைக் கேலியென்று புரிந்துகொண்டு பதிலுக்குக் கேலி செய்யும். மூன்று வயதுப் பிள்ளை சொன்னதை அப்படியே நம்பும். "சொன்னபடி கேக்கலேன்னா விட்டுட்டுப் போயிடுவேன்", "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்பவை அதைவிடக் கடுமையானவை. கைவிட்டுப் போவேன் என்ற மிரட்டல் குழந்தையின் உள்ளத்தில் உண்டாக்கும் பதற்றத்தைப் பௌல்பி தம் இரண்டாவது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குறும்பைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்கு உறவையே பணயம் வைப்பதை நம் பெரியவர்கள் மட்டுமல்ல, படித்த இளம் பெற்றோரும் எளிதாகச் செய்துவிடுகிறோம்.

பாட்டியிடமே முழுதாக விட்டுச் செல்லும் வீடுகளும் இங்கே பல. கணவனும் மனைவியும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட, குழந்தை ஐந்து வயதுவரை அம்மாச்சியிடம் வளர்ந்து, பள்ளிக்கூடம் சேர்க்கும் நேரத்தில் ஒரே நாளில் திருப்பூருக்கு அழைத்துச் செல்லப்படுகிறது. பெற்றோருக்கு அது பிள்ளையைச் சேர்ந்த நாள். பிள்ளைக்கோ தன் முதன்மையான உறவை இழந்த நாள். செல்வக் குடும்பத்தில் பிறந்து செவிலித்தாயின் கையில் வளர்ந்த பௌல்பிக்கும், தமக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அந்தச் செவிலி வேலையை விட்டுப் போனது வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இத்தகைய மாற்றத்தின்போது பாட்டியும் சில வாரங்கள் உடன் போய்த் தங்குவதும், பிறகு நாள்தோறும் அவரோடு பேச வைப்பதும், "இன்னும் என்ன அம்மாச்சி அம்மாச்சின்னு?" என்று கடிந்துகொள்ளாமல் இருப்பதும் மிகவும் தேவை.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ இரண்டு ஆண்டு கழித்து விடுப்பில் வரும் தந்தையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. வாட்ஸ்ஆப்பில் பார்த்துச் சிரித்த பிள்ளை, நேரில் கண்டதும் அலறிக்கொண்டு தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறது. கூடியிருக்கும் உறவினர் "உங்க அப்பாதான்டா, போடா" என்று தள்ளிவிடுகிறார்கள். தந்தையின் முகம் சுருங்கிவிடுகிறது. பிள்ளை தந்தையை வெறுப்பதாக இதற்குப் பொருள் இல்லை. பழகாதவரிடம் எச்சரிக்கையாக இருப்பது, பழகியவரிடம் பிணைப்புக் கொண்ட குழந்தையின் இயல்பே. முதல் இரண்டு மூன்று நாட்கள் அவர் தூக்க முயலாமல், பிள்ளை விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது செய்வதைத் தாமும் செய்துகொண்டிருந்தால், பெரும்பாலும் பிள்ளையே அருகில் வந்து தொட்டுப் பார்க்கும்.

எல்லாம் தாயின் தலையில் அல்ல

பிணைப்பைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் தாயை நோக்கியே எழுதப்படுகின்றன. வாரத் தவணைக்குக் குழுக் கடன்காரர் வாசலில் நிற்கும்போது, குடித்துவிட்டு வரும் கணவனுக்கு அஞ்சிக்கொண்டு, நாள் முழுவதும் குனிந்து நட்ட இடுப்பு வலியோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், குழந்தையின் குறிப்பறிந்து நடக்கச் சொல்வது எளிது. அவளுக்குப் பதிலாக அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரோ, இரவு அழுகைக்கு எழுந்து தூக்கும் கணவனோ அந்தக் குழந்தையின் பிணைப்புக்கு நேரடியாக உதவுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையைத் தாய்மார்களைவிட அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் படிப்பதே நல்லது.

பிணைப்பு வகை என்பது தலையெழுத்தும் இல்லை. எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1988இல் வெளியிடப்பட்ட தொகுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக் குழந்தைகள் பாதுகாப்பான பிணைப்பு உடையவை; நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு அதிகம். தாயை விட்டுப் பிரிந்து பழக்கமே இல்லாத ஜப்பானியக் குழந்தைகள் அந்தச் சோதனையில் அளவுக்கு மீறி அழுததால், சோதனையே எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. எப்போதும் யாரேனும் ஒருவரின் இடுப்பில் இருக்கும் நம் குழந்தைகளுக்கும் அதே கேள்வி பொருந்தும். அத்துடன், வாழ்க்கைச் சூழல் மாறும்போது பிணைப்பும் மாறுகிறது என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இதில் முக்கியமானது. அவர்களில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்கள் பிணைப்பில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அரசு இல்லம் திறக்கப்பட்டது நமக்கு நினைவிருக்கும். இத்தகைய இடங்களில் கட்டடத்தின் வசதியைவிட, ஒரே பணியாளர் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பதே குழந்தைக்குப் பெரிய பயன் தரும்.

சில அறிகுறிகளுக்கு மருத்துவ உதவி தேவைப்படும். ஒரு வயது கடந்த குழந்தை, விழுந்து அடிபட்டாலும் யாரையும் நாடாமல் இருந்தாலோ, முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் உடன் போய்விடுகிறது என்றாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை, முகம் பார்ப்பதில்லை என்றால் அது கேட்புக் குறையாகவோ ஆட்டிசமாகவோ இருக்கலாம். தாயின் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது தவறென்று எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேலும் தாய் சோர்ந்து, எதிலும் ஒட்டாமல், குழந்தையைப் பார்க்கவே விருப்பமின்றி இருந்தால், அவருக்கே சிகிச்சை வேண்டும்; ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலே அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். எங்கே போனாலும், பகலில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அது அப்பாயியாக இருந்தால், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் விடை இருக்கும்.